காக்கர் ஸ்பேனியல்: கறுப்போடு கறுப்பு சேர்ந்து செவலை பிறப்பது எப்படி?

காக்கர் ஸ்பேனியல் நாய்களை இனவிருத்தி செய்வோரிடையே திரும்பத் திரும்ப எழும் சச்சரவு ஒன்று உண்டு. பெண் நாய் நல்ல கறுப்பு. இணை சேர்ப்பதற்கென்று தேடிப் பிடித்த ஆண் நாயும் கறுப்பு. இரண்டு மாதம் கழித்து ஆறு குட்டிகள் பிறக்கின்றன. நான்கு கறுப்பு, இரண்டு செவலை. பெண் நாய்க்கு உரியவர், "காட்டியது ஒரு நாய், சேர்த்தது வேறு நாய்" என்று ஆண் நாய்க்காரர் மீது குற்றம் சாட்டுகிறார். அவரோ, "உங்கள் வீட்டுச் சுவரை எந்தத் தெரு நாய் தாண்டி வந்ததோ!" என்று திருப்பிக் கேட்கிறார். நட்பு முறிகிறது. செவலைக் குட்டிகள் இரண்டும் 'கலப்பு' என்ற பெயரில் பாதி விலைக்குப் போகின்றன.

இந்தச் சண்டையில் பெரும்பாலும் இருவருமே நிரபராதிகள். இரு கறுப்பு நாய்களுக்குச் செவலைக் குட்டி பிறப்பது இயற்கைக்கு மாறானதன்று. அது ஒரு கணக்கின்படி நடப்பது. அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால் வீண் சண்டை மட்டுமன்றி வேறொரு பெரிய நஷ்டத்தையும் தவிர்க்கலாம். இந்த இனத்தில் இளம் வயதிலேயே சிறுநீரகத்தைக் கெடுத்து நாயைக் கொல்லும் பாரம்பரிய நோய் ஒன்று உண்டு. செவலைக் குட்டி எந்த வழியில் பிறக்கிறதோ அதே வழியில்தான் அந்த நோயும் குட்டிக்கு வந்து சேர்கிறது. நிறத்தைக் கண்ணால் பார்க்க முடியும் என்பதால் முதலில் நிறத்தை வைத்துப் பாடத்தைக் கற்போம்.

இரண்டு இனங்கள், பல நிறங்கள்

'உட்காக்' என்னும் பறவையைப் புதரிலிருந்து கிளப்பிவிடும் வேட்டைக்காக இங்கிலாந்தில் பழக்கப்பட்டவை இந்த நாய்கள். காக்கர் என்ற பெயரும் அதிலிருந்து வந்ததே. 1879-ல் அங்கே பிறந்த ஓபோ என்ற கறுப்பு நாயை இன்றைய காக்கர்களின் மூல புருஷன் என்று சொல்வது வழக்கம். அமெரிக்காவுக்குப் போன காக்கர்கள் அங்கே வேறு உருவம் பெற்றன. தலை உருண்டு, மூக்குப் பகுதி குட்டையாகி, உரோமம் நீண்டது. 1946-ல் அமெரிக்கக் கென்னல் கிளப் இங்கிலீஷ் காக்கரைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. நிறக் கணக்கைப் பொறுத்தவரை இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்.

கறுப்பு, சாக்லேட் அல்லது லிவர் எனப்படும் கரும்பழுப்பு, வெளிர் பொன்னிறம் முதல் ஆழ்ந்த சிவப்பு வரையான செவலை, கறுப்பில் புருவத்திலும் கன்னத்திலும் காலிலும் செம்பழுப்புப் புள்ளி வைத்த 'பிளாக் அண்ட் டான்', வெள்ளையில் திட்டுப் போட்ட இருநிறம், வெள்ளையும் கறுப்பும் மயிருக்கு மயிர் கலந்த 'புளூ ரோன்' எனப் பல வகைகளை இந்த இனத்தில் காணலாம். காங்கேயம் மாட்டில் காரி, செவலை, மயிலை என்று சொல்லிப் பழகியவர்களுக்கு இவற்றை அடையாளம் காண்பதில் சிரமமிராது.

கண்காட்சிப் பிரிவுகளை நம்பி நிறக் கணக்குப் போடக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். அமெரிக்கக் காக்கர்களை மூன்று பிரிவாகப் பிரித்துக் காட்டுகிறார்கள்: கறுப்பு, கறுப்பல்லாத பிற ஒற்றை நிறம், இருநிறம். இதில் பிளாக் அண்ட் டான் கறுப்புப் பிரிவில் நிற்கும்; சாக்லேட்டும் செவலையும் ஒரே பிரிவில் நிற்கும். பாரம்பரிய ரீதியில் பார்த்தால் இவை ஒன்றுக்கொன்று வேறானவை. நடுவரின் வசதிக்காகச் செய்த பிரிவினை அது.

இரண்டே சாயங்கள்

நாயின் உரோமத்தில் உள்ள சாயங்கள் இரண்டே. ஒன்று கறுப்புச் சாயம். மற்றது செம்மஞ்சள் சாயம். சாக்லேட் நிறம் மூன்றாவது சாயமன்று. கறுப்புச் சாயமே சற்று மாறி உருவாவதால் வருவது. வெள்ளை என்பது சாயமே இல்லாத இடம். இவற்றில் எந்தச் சாயம், எந்த இடத்தில், எவ்வளவு என்று தீர்மானிப்பவை ஜீன்கள் எனப்படும் மரபணுக்கள்.

நாய்க்கு 39 ஜோடி குரோமோசோம்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று தாயிடமிருந்தும் ஒன்று தந்தையிடமிருந்தும் வந்தது. ஆகவே நிறத்துக்குரிய ஒவ்வொரு மரபணுவும் நாயிடம் இரண்டு பிரதிகளாக இருக்கிறது. குட்டிக்குக் கொடுக்கும்போது நாய் அந்த இரண்டில் ஒன்றை மட்டுமே கொடுக்கிறது. எதைக் கொடுக்கும் என்பது காசு சுண்டிப் போடுவது போன்றது. இரண்டு பிரதிகளும் வேறு வேறாக இருந்தால் ஒன்று வெளியே தெரியும். மற்றது உள்ளே மறைந்திருக்கும். வெளியே தெரிவதை ஓங்கு பண்பு என்றும் மறைந்து கிடப்பதை ஒடுங்கு பண்பு என்றும் சொல்வார்கள். ஒடுங்கு பண்பு வெளியே வர வேண்டுமானால் இரண்டு பிரதிகளும் அதுவாகவே இருக்க வேண்டும். மறைத்து வைத்திருக்கும் நாயைத் 'தாங்கி' என்போம். தாங்கியைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க இயலாது. பாடத்தில் மனத்தில் இருத்த வேண்டிய பகுதி இதுதான்.

மூக்கு சொல்லும் சேதி

முதலில் கறுப்பா, சாக்லேட்டா என்பது. இதைத் தீர்மானிக்கும் மரபணுவை ஆய்வாளர்கள் 'பி' என்ற எழுத்தால் குறிப்பார்கள். பெரிய பி என்பது கறுப்பு. அது ஓங்கு பண்பு. சிறிய பி சாக்லேட், ஒடுங்கு பண்பு. இரண்டு சிறிய பி கொண்ட நாயின் உடலில் எங்கும் கறுப்புச் சாயம் உருவாகாது. உரோமத்தில் மட்டுமன்றி மூக்கு, உதடு, கண் இமையின் ஓரம், பாதத்தின் அடிச்சதை எல்லாமே ஈரல் நிறமாக இருக்கும். சாக்லேட் நாய்க்குக் கறுப்பு மூக்கு இருக்க முடியாது.

அடுத்தது 'இ' என்ற எழுத்தால் குறிக்கப்படும் மரபணு. கறுப்புச் சாயத்தை உரோமத்தில் போடு என்று உயிரணுவுக்குச் சொல்லும் கதவு இது. பெரிய இ ஒன்று இருந்தாலும் கதவு திறக்கும். இரண்டும் சிறிய இ ஆகிவிட்டால் கதவு மூடிக்கொள்கிறது. உரோமத்தில் செம்மஞ்சள் சாயம் மட்டுமே விழும். அதுதான் செவலைக் காக்கர். ஆனால் தோலில் இந்தத் தடை வேலை செய்வதில்லை. எனவே செவலை நாயின் மூக்கில் அதன் 'பி' நிலைமை அப்படியே தெரியும். மூக்கு கறுப்பாக இருந்தால் பெரிய பி ஒன்றாவது இருக்கிறது. மூக்கு ஈரல் நிறமானால் இரண்டும் சிறிய பி. சில செவலை நாய்களுக்கு மூக்கின் கறுப்பு சில பருவங்களில் வெளிறிப் போவதுண்டு. சந்தேகம் வந்தால் கண் இமையின் ஓரத்தையும் சேர்த்துப் பார்க்கவும்.

பால் பண்ணை வைத்திருப்போருக்கு இது புதிய செய்தியாக இராது. கறுப்பு வெள்ளை ஹோல்ஸ்டீன் பசுவுக்குத் திடீரென்று செவலை வெள்ளைக் கன்று பிறப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே வழக்கமாக வேலை செய்வதும் இதே மரபணுதான். மாட்டிலும் நாயிலும் ஒரே கதவு, ஒரே விதமாக மூடிக்கொள்கிறது.

ஒரு கணக்கு

இப்போது தொடக்கத்தில் சொன்ன சண்டைக்கு வருவோம். ஆண் நாயிடம் ஒரு பெரிய இ, ஒரு சிறிய இ. பெண் நாயிடமும் அப்படியே. இரண்டும் பார்வைக்குக் கறுப்பு. ஆண் நாய் சிறிய இ-யைக் கொடுக்கும் வாய்ப்பு பாதி. பெண் நாய் கொடுக்கும் வாய்ப்பும் பாதி. இரண்டும் சிறிய இ-யையே கொடுப்பது பாதியில் பாதி, அதாவது கால். நான்கு குட்டிக்கு ஒன்று செவலையாகப் பிறக்கும். ஆறில் இரண்டு பிறந்தால் அதில் அதிசயமில்லை.

இரண்டு நாய்களும் சாக்லேட்டையும் சேர்த்து மறைத்து வைத்திருந்தால் கணக்கு இன்னும் சுவையானது. பதினாறு பங்கில் ஒன்பது பங்கு கறுப்பு, மூன்று சாக்லேட், மூன்று கறுப்பு மூக்குச் செவலை, ஒன்று ஈரல் மூக்குச் செவலை. ஒரே பிரசவத்தில், இரு கறுப்பு நாய்களிடமிருந்து நான்கு விதக் குட்டிகள் வரக்கூடும்.

இந்த விகிதங்கள் சராசரிகள் என்பதை மறக்க வேண்டாம். நாய் பதினாறு குட்டி போடுவதில்லை. தாங்கிகளான இரு கறுப்பு நாய்களுக்கு ஆறு குட்டிகள் பிறந்தால், அதில் ஒன்றுகூடச் செவலையாக இல்லாமல் போகும் வாய்ப்பு 100-க்கு ஏறத்தாழ 18. அதாவது ஐந்தாறு பிரசவத்தில் ஒன்று முழுக்கக் கறுப்பாகவே இருக்கும். "என் நாய் போன தடவை ஆறும் கறுப்பாகவே கொடுத்தது, அதனிடம் செவலை கிடையாது" என்று பேசுகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். அப்படிப் பிறந்த கறுப்புக் குட்டிகளில் மூன்றில் இரண்டு, தாயையும் தந்தையையும் போலவே தாங்கிகளாக இருக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

முன்பெல்லாம் இதைக் கண்டறியச் செவலை நாயுடன் சேர்த்துப் பார்ப்பார்கள். தாங்கியான கறுப்பைச் செவலையோடு சேர்த்தால் குட்டிகளில் பாதி செவலையாக வேண்டும். ஆறு குட்டியும் கறுப்பாகவே பிறந்தால், அது தற்செயலாக நடக்கும் வாய்ப்பு 64-ல் ஒன்றுதான். ஆகவே அந்தக் கறுப்பு நாயிடம் செவலை இல்லை என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம். நேர்மாறாக, ஒரேயொரு செவலைக் குட்டி பிறந்துவிட்டால் போதும். சந்தேகத்துக்கு இடமின்றி அது தாங்கி. இப்போது கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக்குச்சியால் தடவி அனுப்பினாலே ஆய்வுக்கூடங்கள் முடிவு சொல்லிவிடுகின்றன.

பழைய புத்தகங்களில் ஒரு திருத்தம்

காக்கர் நிறங்களை ஆராயும் வேலை இன்று நேற்றுத் தொடங்கியதன்று. பாரோஸ், பிலிப்ஸ் என்ற இருவர் 1915-லேயே அமெரிக்காவில் காக்கர் ஸ்பேனியல் நிறங்களைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள். பிற்பாடு, மெய்ன் மாநிலத்தில் 1929-ல் ஜாக்ஸன் ஆய்வுக்கூடத்தை நிறுவிய கிளாரன்ஸ் குக் லிட்டில், நாய்களின் நிறப் பாரம்பரியம் பற்றி 1957-ல் ஒரு நூல் எழுதினார். நீண்ட காலம் நாய் வளர்ப்போர் அனைவருக்கும் அதுவே ஆதார நூல்.

அந்த நூலில் லிட்டில் ஓர் ஊகம் செய்திருந்தார். முழுக் கறுப்பையும் டான் புள்ளியையும் 'ஏ' என்ற ஒரே மரபணுவின் வெவ்வேறு வடிவங்களாக அவர் வைத்தார். அது சரியன்று என்பது 2007-ல் தெளிவாயிற்று. முழுக் கறுப்பைத் தருவது 'கே' எனப்படும் வேறொரு மரபணு. அது வேறொரு குரோமோசோமில் இருக்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தக் 'கே' மரபணு நோய்க்கிருமிகளை எதிர்க்கும் புரதக் குடும்பத்தைச் சேர்ந்தது. கிருமியை விரட்ட வந்தது நாய்க்குக் கறுப்புச் சட்டையும் போட்டுவிடுகிறது. பழைய கையேடுகளையும் அவற்றைப் பார்த்து எழுதியவற்றையும் வைத்திருப்போர் இந்த இடத்தைத் திருத்திக்கொள்ள வேண்டும். பழைய கணக்கின்படி போட்டால் சில சேர்க்கைகளில் விடை தவறிவிடும்.

கணக்கு இப்படி அமைகிறது. டான் புள்ளிக்குரிய மரபணு காக்கர் இனத்தில் பரவலாக இருக்கிறது. ஆனால் பெரிய கே ஒன்று இருந்தாலும் அது புள்ளிகளை மூடி நாயை முழுக் கறுப்பாக்கிவிடும். இரண்டும் சிறிய கே ஆனால்தான் டான் புள்ளி வெளியே தெரியும். செவலை நாயிலோ இந்தக் 'கே' விவகாரம் எதுவுமே தெரியாது. உரோமத்தில் கறுப்புச் சாயமே இல்லாதபோது அதை எங்கே போடுவது என்ற கட்டளைக்கு என்ன பொருள்? செவலை நாய் பெரிய கே வைத்திருக்கலாம், வைத்திராமலும் இருக்கலாம்.

செவலை நாயோடு பிளாக் அண்ட் டான் நாயைச் சேர்த்து முழுக் கறுப்புக் குட்டிகள் பிறப்பது இதனால்தான். தாயிடமும் கறுப்புச் சட்டை இல்லை, தந்தையிடமும் இல்லை என்று மலைக்க வேண்டியதில்லை. செவலையிடம் மறைந்திருந்த பெரிய கே-யும், டான் நாயிடம் இருந்த பெரிய இ-யும் குட்டியில் ஒன்று சேர்ந்துவிட்டன. சாக்லேட்டோடு கறுப்பு மூக்குச் செவலையைச் சேர்த்தாலும் இதே போலக் கறுப்புக் குட்டிகள் வரலாம்.

'சேபிள்' என்ற நிறமும் காக்கர்களில் உண்டு. மயிரின் நுனி கருமையாகவும் அடி வெளிறியும் இருக்கும். அது 'இ' மரபணுவின் இன்னொரு வடிவத்தால் வருவது. செவலையில் ஒன்று பாலாடை போலவும் மற்றொன்று செங்கல் போலவும் இருப்பதற்குப் பல மரபணுக்கள் சேர்ந்து காரணமாகின்றன. அதற்கு இங்கே சொன்னது போன்ற எளிய கணக்கு கிடையாது. பெற்றோர் இருவரும் ஆழ்ந்த நிறமாக இருந்தால் குட்டியும் அந்தப் பக்கம் சாயும் என்று மட்டும் கொள்ளலாம்.

வெள்ளையும் ரோனும்

ஒற்றை நிறம், வெள்ளை கலந்த இருநிறம் ஆகிய இரண்டில் ஒற்றை நிறமே ஓங்கு பண்பு. இரு கறுப்பு நாய்களுக்குக் கறுப்பு வெள்ளைக் குட்டி பிறக்கலாம். இரு இருநிற நாய்களுக்கு இருநிறக் குட்டிகள் மட்டுமே பிறக்கும். இங்கே ஓங்கு பண்பின் அடக்குமுறை முழுமையானதன்று. இருநிறத்தைத் தாங்கும் ஒற்றை நிற நாய்க்கு மார்பிலோ கால் விரலிலோ சிறிது வெள்ளை எட்டிப் பார்ப்பதுண்டு. ஒற்றை நிற இங்கிலீஷ் காக்கருக்கு மார்பில் மட்டும் சிறிது வெள்ளை இருக்கலாம் என்று இன இலக்கணமே அனுமதிக்கிறது. மார்பில் வெள்ளை இருப்பதால் மட்டும் அது தாங்கிதான் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது.

ரோன் என்பது வெள்ளைப் பகுதியில் மட்டும் நடக்கும் வேலை. வெள்ளையாக விடப்பட்ட இடத்தில் நிற மயிர்கள் கலந்து முளைப்பதே ரோன். கறுப்பு கலந்தால் புளூ ரோன். செம்மஞ்சள் கலந்தால் ஆரஞ்சு ரோன். சாக்லேட் கலந்தால் லிவர் ரோன். இது ஓங்கு பண்பு. ஆகவே ரோன் குட்டி பிறக்க வேண்டுமானால் பெற்றோரில் ஒன்றாவது ரோன் மரபணுவை வைத்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பெற்றோர் பார்வைக்கு ரோனாக இருக்க வேண்டியதில்லை. முழுக் கறுப்பு நாயின் உடலில் வெள்ளையே இல்லாதபோது ரோன் எங்கே தெரியும்? கறுப்புத் தந்தைக்கும் பளிச்சென்ற கறுப்பு வெள்ளைத் தாய்க்கும் புளூ ரோன் குட்டி பிறந்தால், ரோனைக் கொடுத்தது கறுப்புத் தந்தையே. இந்த ரோன் மரபணுவின் இருப்பிடம் 38-ஆம் குரோமோசோமில் இருப்பதை 2021-ல்தான் கண்டறிந்தார்கள்.

ரோன் குட்டிகள் பிறக்கும்போது வெள்ளையில் திட்டுப் போட்டவையாகவே தெரியும். சில வாரங்கள் சென்ற பிறகே இடையில் நிற மயிர்கள் தலைகாட்டும். பிறந்த மறு வாரமே பதிவுப் படிவத்தில் 'கறுப்பு வெள்ளை' என்று எழுதி அனுப்பிவிட்டுப் பின்னர் விழிப்பவர்கள் உண்டு. பொறுத்திருந்து எழுதுவது நல்லது.

எப்போது சந்தேகப்படலாம்?

எல்லாவற்றுக்கும் மறைந்த மரபணுவைக் காரணம் காட்டித் தப்பித்துக்கொள்ளவும் முடியாது. சில சேர்க்கைகளில் சில நிறங்கள் வரவே கூடாது. வந்தால் விசாரிக்கத்தான் வேண்டும்.

செவலையும் செவலையும் சேர்ந்தால் செவலையே பிறக்கும். வெள்ளை கலந்திருக்கலாம், ஆனால் கறுப்புக் குட்டியோ சாக்லேட் குட்டியோ பிறக்காது. சாக்லேட்டும் சாக்லேட்டும் சேர்ந்தால் ஈரல் மூக்குச் செவலை வரலாம். கறுப்பு மூக்குக் குட்டி ஒன்றுகூட வராது. பிளாக் அண்ட் டான் இரண்டைச் சேர்த்தால் முழுக் கறுப்பு வராது. இருநிறம் இரண்டைச் சேர்த்தால் ஒற்றை நிறம் வராது. ரோன் இல்லாத பளிச்சென்ற இருநிறங்கள் இரண்டு சேர்ந்தால் ரோன் வராது.

இவற்றில் ஒன்று மீறப்பட்டால் வேறொரு ஆண் நாய் நடுவில் வந்திருக்கிறது என்று நினைக்க இடமுண்டு. பெண் நாய் பருவத்தில் இருக்கும் நாட்களில் இரண்டு ஆண் நாய்களோடு சேர்ந்தால், ஒரே பிரசவத்தில் சில குட்டிகள் ஒன்றுக்கும் சில குட்டிகள் மற்றதற்கும் பிறக்கக்கூடும். எனவே ஒரு குட்டி தப்பு என்பதால் எல்லாக் குட்டியும் தப்பு என்று ஆகிவிடாது. அப்போதும் வாய்ச் சண்டை வேண்டாம். தாய், தந்தை, குட்டி மூன்றின் மாதிரியையும் கொடுத்து டி.என்.ஏ. பரிசோதனையில் தீர்த்துக்கொள்ளலாம். இணை சேர்த்த பின்னும் பருவம் அடங்கும்வரை பெண் நாயைக் கட்டிக் காப்பது அதைவிடச் செலவு குறைவு.

நிறத்துக்கு ஆசைப்பட்டு வரும் கேடு

வாங்குவோர் நிறத்துக்குப் பணம் கொடுக்கிறார்கள். இந்த ஆண்டு சாக்லேட்டுக்கு மவுசு என்றால் எல்லோரும் சாக்லேட் ஆண் நாயைத் தேடி ஓடுகிறார்கள். அதில் இரண்டு ஆபத்துகள் இருக்கின்றன.

முதலாவது 'மெர்ல்'. அமெரிக்கக் காக்கர்களில் காணப்படும், சாயம் கரைந்து திட்டுத் திட்டாகத் தெரியும் நிறம் இது. ஒரு பிரதி இருந்தால் நாய் அழகாகவே இருக்கும். மெர்ல் இரண்டைச் சேர்த்தால் நான்கில் ஒரு குட்டிக்கு இரண்டு பிரதியும் வந்து சேரும். அப்படிப்பட்ட குட்டிகள் செவிடாகவும், கண் குறைபாட்டுடனும் பிறப்பது அதிகம். இதில் பெரிய கண்ணி எது தெரியுமா? மெர்ல் கறுப்புச் சாயத்தையே கரைக்கும். செவலை நாயின் உரோமத்தில் கறுப்புச் சாயம் இல்லாததால் அதன் மெர்ல் கண்ணுக்குத் தெரிவதில்லை. செவலை என்று நம்பி மெர்லோடு சேர்த்தவர், அறியாமலே மெர்லோடு மெர்லைச் சேர்த்தவராகிறார். குடும்பத்தில் மெர்ல் இருந்த செவலை நாயைப் பரிசோதிக்காமல் இனவிருத்திக்கு விடக் கூடாது.

போகிற போக்கில் ஒன்று. சிவப்புக் காக்கர் கடிக்கும் என்ற பேச்சு வளர்ப்போரிடையே உண்டு. பிரிட்டனில் இங்கிலீஷ் காக்கர் வளர்ப்போரிடம் நடத்தி 1996-ல் வெளியான ஓர் ஆய்விலும் ஒற்றை நிற நாய்கள் இருநிற நாய்களைவிட முரட்டுத்தனம் அதிகம் காட்டுவதாகவும், ஒற்றை நிறத்தில் செவலையே முன் நிற்பதாகவும் தெரிந்தது. அதற்காக நிறமே குணத்தைக் கெடுக்கிறது என்று பொருளில்லை. ஒரு நிறத்துக்காகச் சில குடும்பங்களையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தினால் அந்தக் குடும்பத்தின் குணமும் கூடவே வரும். குட்டி வாங்கப் போகிறவர் தாய் நாய் அந்நியரிடம் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்த்துவிட்டு வாங்கினால் போதும்.

இரண்டாவது ஆபத்துதான் நாம் முதலிலேயே குறிப்பிட்ட சிறுநீரக நோய். இங்கிலீஷ் காக்கரில் வரும் இந்தப் பாரம்பரிய நோயை 'எஃப்.என்.' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். குட்டி நன்றாகத்தான் பிறக்கும். வாங்கிப் போனவர் வீட்டில் செல்லப் பிள்ளையாக வளரும். ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடையில் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடிக்கும். அடிக்கடி சிறுநீர் கழிக்கும். பசி குறைந்து, வாந்தி எடுத்து, எலும்பும் தோலுமாக இளைக்கும். சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோகும். குணப்படுத்த வழி கிடையாது.

இதற்குக் காரணமான மரபணுவும் சிறிய இ-யைப் போல ஒடுங்கு பண்பே. தாங்கிக்கு நோய் வராது. ஆயுள் முழுதும் ஆரோக்கியமாக இருக்கும், பரிசும் வாங்கும். தாங்கிகள் இரண்டு சேர்ந்தால் நான்கில் ஒரு குட்டி சாகும். இரண்டு குட்டிகள் தாங்கிகளாகும். ஒன்று மட்டும் சுத்தமாக இருக்கும். கறுப்பு நாய்கள் இரண்டு செவலைக் குட்டியைக் கொடுத்த அதே கணக்கு இது. முன்னே சொன்ன 18 சதவீதக் கணக்கை இங்கே பொருத்திப் பாருங்கள். ஆறு குட்டியும் பிழைத்துவிட்டன என்பதால் பெற்றோர் சுத்தம் என்று சொல்ல முடியாது. செவலையாவது பிறந்த அன்றே தெரிந்துவிடும். இந்த நோய் தெரியவரும்போது குட்டிகள் நான்கு ஊரில் நான்கு வீட்டில் இருக்கும். தாய் நாய் மறுபடியும் சினையாக இருக்கும். இரவில் தொடங்கி முழுக் குருடாக்கும் விழித்திரை நோய் ஒன்றும் இந்த இனத்தில் இதே வழியில்தான் வருகிறது.

இரண்டுக்கும் டி.என்.ஏ. பரிசோதனை இருக்கிறது. தாங்கி என்று முடிவு வந்தால் அந்த நாயை ஒதுக்கிவிட வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள். அது தேவையில்லை என்பதே நம் கருத்து. நல்ல உடற்கட்டும் நல்ல குணமும் உள்ள நாய்களையெல்லாம் இப்படிக் கழித்தால், மிஞ்சும் சிலவற்றையே திரும்பத் திரும்பச் சேர்க்க நேர்ந்து வேறு நோய்கள் தலையெடுக்கும். தாங்கியைச் சுத்தமான நாயோடு மட்டும் சேர்த்தால் ஒரு குட்டிக்கும் நோய் வராது. பாதிக் குட்டிகள் தாங்கிகளாகும், அவ்வளவே. அந்தக் குட்டிகளை இனவிருத்திக்கு விடுமுன் பரிசோதித்துக்கொண்டால் போதும்.

ஆகவே ஆண் நாயைத் தேடிப் போகும்போது, அது சாக்லேட்டைத் தாங்குகிறதா என்று கேட்பதற்கு முன்னால் எஃப்.என். முடிவைக் கேளுங்கள். அந்த நாய்க்கு இதுவரை பிறந்த குட்டிகளின் நிறங்களையும், எந்தக் குட்டியாவது இரண்டு வயதுக்குள் இறந்ததா என்பதையும் விசாரியுங்கள். உங்கள் வீட்டில் ஒவ்வொரு பிரசவத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, குட்டியின் உரோம நிறம், மூக்கின் நிறம், மார்பு வெள்ளை, எட்டாம் வாரத்தில் பார்த்த நிறம், பின்னாளில் வாங்கியவர் சொன்ன உடல்நலச் செய்தி ஆகியவற்றை எழுதி வையுங்கள். பரிசோதனைக்கு மாதிரி எடுக்கும்போது, பால் குடிக்கும் குட்டியாக இருந்தால் தாயிடமிருந்து சிறிது நேரம் பிரித்து வைத்த பின்னரே கன்னத்தைத் தடவி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் தாயின் உயிரணுக்களும் பஞ்சில் ஒட்டிக்கொண்டு முடிவைக் குழப்பிவிடும். ஒவ்வொரு குட்டிக்கும் தனிக் குச்சி, தனி உறை; உறையின் மேல் குட்டியின் அடையாளத்தை மாதிரி எடுத்த அப்போதே எழுதிவிட வேண்டும்.